பாறை வாயுவும் பத்திரிகைச் செய்தியும்



கிள்ளான் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் ஆசிரியப் பணி செய்து வருகிறோம். 2017ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, எங்கள் தாத்தா ஊரில் தண்ணீர் தீப்பிடித்து எரியுமாம். உண்மையா ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய கொள்ளுத்தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய துறைமுகத்தில் இறங்கி, பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். அவருடைய தம்பி வழியினர் இன்றும் அந்த மண்ணில் நெல் பயிரிடுகிறார்கள். முதல் நாள் இரவு அவன் அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்திருக்கிறது. ஒருவர் குழாயைத் திறக்கிறார், நெருப்பை அருகில் காட்டுகிறார், தண்ணீரோடு தீச்சுவாலை எழுகிறது. கீழே, 'மன்னார்குடியில் வாயு எடுத்தால் இதுதான் கதி' என்று எழுதியிருந்ததாம். அதைப் பார்த்த பாட்டி இரவு முழுவதும் தூங்கவில்லை என்றான் பையன்.

எங்களிடம் அன்று விடை இல்லை. தேடிப் படித்துச் சொல்கிறோம் என்று அவனை உட்கார வைத்தோம். அப்படித் தேடியதில் அறிந்தவற்றையும், பின்னர் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில், பாறை வாயு என்பது என்ன என்று காண்போம். ஆங்கிலத்தில் இதனை ஷேல் வாயு என்பார்கள். ஷேல் என்பது களிமண் பாறை. நம் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற இடம் இருக்கிறதல்லவா? மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய பழைய கோலாலம்பூர், செங்கல் நகரமாக மாறிய காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் இருந்தன. அதனால் வந்த பெயர்தான் அது. சூளையில் களிமண் நெருப்பால் இறுகுகிறது. பூமிக்கு அடியிலோ, அது பல கோடி ஆண்டுகள் மேலே படிந்த மண்ணின் பாரத்தால் இறுகித் தட்டுத் தட்டான பாறையாகிறது. சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன.

மணற்பாறையில் தேங்கிய வாயு, ஆற்று மணலில் ஊறிய நீரைப் போன்றது. துளையிட்டால் தானே மேலே வரும். களிமண் பாறையின் துளைகளோ மிக நுண்ணியவை. ஒன்றோடொன்று சரியாக இணையாதவை. ஆகவே அதிலுள்ள வாயு எளிதில் அசையாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டி, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி, நீரையும் மணலையும் சில இரசாயனங்களையும் பேரழுத்தத்தோடு உள்ளே செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். பிளவுகள் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்க, அவற்றின் வழியே வாயு வெளியேறுகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று, 1990களின் இறுதியில் இதில் வெற்றி கண்டது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் இயற்கை வாயு உற்பத்தியில் மிகச் சிறு பங்காக இருந்த பாறை வாயு, இன்று ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகிவிட்டது. அங்கே வாயுவின் விலை இறங்கியது. நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்கள் பல மூடப்பட்டன. இந்த நன்மைகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இனி, செய்தி ஏடுகள் இதனை எப்படிச் சொல்லின என்று பார்ப்போம்.

நம்பிக்கையூட்டும் செய்திகளில் பெரிய எண்கள் இருக்கும். 2011ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் 5 டிரில்லியன் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை வாயு எடுக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் துறை மதிப்பிட்டது. அந்த நாட்டுக்கே விடிவு பிறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டே போலந்தின் நிலவியல் கழகம், அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கக்கூடும் என்று கணக்கிட்டது. துளையிட்டுப் பார்த்த எக்ஸான்மோபில் நிறுவனம் 2012இல் வெளியேறியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே கதைதான். அங்குள்ள ஒரு பாறையடுக்கிலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெயின் மதிப்பீட்டை, அதே தகவல் துறை 2014இல் நூற்றுக்கு 96 பங்கு குறைத்துவிட்டது.

இது பொய்க்கணக்கா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரத்தில் இருக்கும் பால் வேறு. மங்கில் வடிந்த பால் வேறு. மழைக்குத் தப்பி ஸ்டோருக்குப் போய் நிறுவையில் எடை காட்டிய பால் வேறு. பாறையில் இருப்பது, கருவியால் எடுக்கக்கூடியது, செலவு போக இலாபத்துக்கு எடுக்கக்கூடியது என்று வாயுவிலும் மூன்று கணக்குகள் உண்டு. செய்தியில் வரும் எண் இவற்றுள் எது என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

அச்சமூட்டும் செய்திகளில் படம் முன்னால் நிற்கும். நம் மாணவன் கண்ட காட்சி எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று அந்தச் செய்தியில் இல்லை. ஆனால் அத்தகைய காட்சியை உலகம் முழுவதும் பரப்பியது, 2010இல் வெளிவந்த 'காஸ்லேண்ட்' என்ற அமெரிக்க ஆவணப்படம். அப்படத்தில் வரும் கொலராடோ மாநில வீடுகளை, அம்மாநில எண்ணெய் வாயுக் கண்காணிப்புத் துறை ஆராய்ந்திருந்தது. சில கிணறுகளின் வாயு நிலத்தடியில் இயற்கையாகவே உண்டானது என்றும், ஒரு கிணற்றில் இயற்கை வாயுவோடு தொழில் வழியாக வந்த வாயுவும் கலந்திருந்தது என்றும் அது தெரிவித்தது. தண்ணீர் எரிந்தது உண்மை. காரணம் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல.

ஒரே ஆய்வு இரு வேறு தலைப்புகள் பெறுவதும் உண்டு. பாறை பிளப்பதால் குடிநீருக்குத் தீங்கு உண்டா என்று ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை, பரவலான பாதிப்புக்குச் சான்று இல்லை என்று 2015 ஜூன் மாத வரைவில் எழுதியது. 'குடிநீருக்கு ஆபத்து இல்லை' என்று சில ஏடுகள் தலைப்பிட்டன. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாசகமே இல்லை. சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்படலாம் என்றும், நாடு முழுவதற்கும் கணக்கிட்டுச் சொல்லப் போதிய தகவல் இல்லை என்றும் இருந்தது. வரைவைப் படித்தவர்கள் எத்தனை பேர் இறுதி அறிக்கையைத் தேடிப் படித்திருப்பார்கள்?

எண்களைச் சொல்லும் முறையையும் கவனிக்க வேண்டும். செலுத்தும் நீரில் இரசாயனம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இல்லை என்பார் ஒருவர். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பங்கே ஒரு லட்சம் லிட்டர் என்பார் மற்றொருவர். இருவர் கணக்கும் சரியே. இரண்டையும் அறிந்தவர்தான் முழுமையாக அறிந்தவர்.

இப்போது தாத்தா ஊருக்கு வருவோம். காவிரிப் படுகை பற்றிய செய்திகளில் மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் என்ற மூன்று சொற்களும் ஒன்றுபோல் புழங்கின. மீத்தேன் என்பது வாயுவின் பெயர். மன்னார்குடித் திட்டம் நிலக்கரிப் படுகையிலிருந்து அதை எடுப்பது. அதற்கு நிலக்கரி அடுக்கில் உள்ள நீரை வெளியே இறைக்க வேண்டும். பாறை வாயுவுக்கோ நீரை உள்ளே செலுத்த வேண்டும். ஆகவே முன்னதில் நிலத்தடி நீர் வற்றும், கடல்நீர் உட்புகும் என்ற அச்சம் பெரிது. பின்னதில் திரும்பி வரும் கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வி பெரிது. ஹைட்ரோகார்பன் என்பது எண்ணெய், வாயு அனைத்துக்கும் பொதுப் பெயர். 2016இல் இந்திய அரசு கொண்டுவந்த கொள்கையின்படி, ஒரே உரிமத்தைக் கொண்டு இவை எல்லாவற்றையும் எடுக்கலாம். எனவே, 'ஒன்றைச் சொல்லி மற்றொன்றை எடுப்பார்களோ' என்ற உழவர்களின் ஐயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 2010இல் மன்னார்குடி வட்டாரத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்தோடு இந்திய அரசு உடன்படிக்கை செய்தது. உழவர்கள் எதிர்த்தனர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தப் பணியின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே காலமானார். வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பின், 2015 அக்டோபரில் தமிழக அரசு அத்திட்டத்தைத் தடை செய்தது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் அமர்ந்தனர். அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, போராட்டமும் கைதுகளும் நிகழ்ந்தன. 2020 பிப்ரவரியில், காவிரிப் படுகையின் பெரும்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், மீத்தேன், பாறை வாயு எடுப்பதை அது தடுக்கிறது. முன்பே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. 'டெல்டா காப்பாற்றப்பட்டது' என்ற தலைப்பை மட்டும் படித்தவருக்கு இந்தக் கடைசிச் செய்தி தெரிந்திருக்காது.

இது எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு வாயு பெரும்பாலும் கடலடியிலிருந்து வருகிறது. திரெங்கானுவின் கெர்த்தேயில் தொடங்கும் குழாய்கள், நம் சிலாங்கூர் மண்ணுக்கு அடியிலும் ஓடுகின்றன. 2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் அத்தகைய குழாய் ஒன்று வெடித்தது. ஏறக்குறையப் பத்து மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருக்க முடியாதபடி அழிந்தன. நூற்றுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

அன்று மாலைக்குள் காரணம் கண்டவர்கள் பலர். அருகில் மண் தோண்டியதுதான் காரணம் என்று கைப்பேசிகளில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அரசின் விசாரணை அறிக்கை ஜூன் 30ஆம் நாள் வெளிவந்தது. ஈரத்தால் மண் இளகி, குழாய் தாங்கலை இழந்து, நாளடைவில் பற்றவைப்பு இணைப்பு முறிந்தது என்று அது கூறியது. பெரிய படங்களோடு வந்த முதல் நாள் செய்தியை எல்லாரும் பார்த்தோம். மூன்று மாதம் கழித்து வந்ததை எத்தனை பேர் படித்தோம்?

ஆகவே நேயர்களே, இத்தகைய செய்தி எது வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். சொல்பவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம்? சொல்லும் எண், மரத்துப் பாலா, மங்குப் பாலா, நிறுவைப் பாலா? காட்டும் படம் எந்த ஊர், எந்த ஆண்டு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? விடை கிடைக்கும்வரை ஆமென்றும் சொல்ல வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம். காத்திருப்பதும் கல்வியே.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவனிடம் சொன்னோம்: "அது எந்த ஊர்ப் படம் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, தம்பி. மன்னார்குடித் திட்டத்தைத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் உன் தாத்தா ஊர் மக்கள் தங்கள் தண்ணீருக்காகக் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் பாட்டியிடம் என்ன ஐயா சொல்வது?" என்றான். "ஊருக்கே போன் போட்டுக் கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்" என்றோம். மறுநாள் ஓடி வந்து சொன்னான்: "கேட்டோம் ஐயா. தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். ஆனால் முன்பைவிட ஆழத்துக்குப் போய்விட்டதாம்."

அந்தச் செய்தியை எந்தப் பத்திரிகையிலும் நாங்கள் படித்திருக்கவில்லை.