பற்றரி மாற்றும் செலவும் பழைய ஹைபிரிட் கார்களும்

எரிபொருட் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் ஹைபிரிட் கார்களை வாங்கியோர் எமது நாட்டில் ஏராளம். ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்த டொயோட்டா அக்வா, பிரையஸ் போன்ற கார்களைக் குத்தகைத் தவணையில் பெற்று, வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் கொண்டு நடத்துவோரும் இவர்களுள் அடங்குவர். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீள ஆரம்பிக்கப்பட்டது. இதனால் பத்து வருடங்களைக் கடந்த கார்கள் இன்னமும் வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பற்றரிகளுக்கும் வயதாகிவிட்டது.

ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரிகள் உள்ளன என்பதைப் பலர் கவனத்திற் கொள்வதில்லை. ஒன்று, சாதாரண கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி. மற்றையது காரை இழுக்கும் மோட்டாருக்கு மின் வழங்கும் பெரிய பற்றரி. சிறியது வலுவிழந்தாலே காரின் கணினி விழிக்காது. எச்சரிக்கை விளக்குகள் எரியும். இதனைக் கண்டு பெரிய பற்றரி பழுதாகிவிட்டதென அஞ்சுவோரும், அந்த அச்சத்தைப் பயன்படுத்திப் பணம் கறப்போரும் உள்ளனர். முழுமையாக ஏற்றப்பட்ட 12 வோல்ட் பற்றரி, ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டைக் காட்ட வேண்டும். எந்தக் கராஜிலும் உள்ள சிறு அளவுமானி கொண்டு இதனைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பெரிய செலவொன்றுக்கு உடன்படுமுன் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் பொறுப்பாகும்.

விலை ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு ஒரு சிறு கணக்கே போதும். துறைமுகத்தில் 100 டொலர் பெறுமதியான பற்றரியொன்றை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 8 வீதம். எனவே 21,600 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது 38,880 ரூபா. 2025 இல் டொலர் 300 ரூபாவை அண்மித்து நின்றது. பழைய வரி வீதமே இருந்திருப்பின் 32,400 ரூபாவாகியிருக்கும். ஆனால் 2024 ஜனவரியில் அவ்வரி 18 வீதமாக்கப்பட்டமையால் 35,400 ரூபாவாகின்றது. ரூபா மீண்டதன் பயனில் கணிசமான பகுதியை வரி விழுங்கிவிட்டது. சுங்கத் தீர்வையும் வியாபாரியின் இலாபமும் இதற்குப் புறம்பானவை.

பெரிய பற்றரிக்கு வருவோம். 2011 இறுதியில் ஜப்பானில் அறிமுகமான அக்வாவில் நிக்கல் வகையைச் சேர்ந்த 20 கலத்தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டு 144 வோல்ட் பெறப்படுகின்றது. ஒன்று நலிவுற்றாலும் முழுத் தொகுதியும் தடுமாறும். பழுதான ஓரிரண்டை மாத்திரம் மாற்றிக் குறைந்த செலவில் திருத்தித் தருவதாகக் கூறுவோர் பலர். அது பொய்யல்ல, எனினும் எஞ்சியவையும் அதே வயதினவே. சில மாதங்களில் அடுத்தது விழும், மீண்டும் கூலி. பஞ்சிகாவத்தையிலும் பிற இடங்களிலும் கிடைக்கும் பாவித்த பற்றரிகளும் இதே ஐயத்துக்குரியவையே. தவணை கட்டி முடியாத நிலையில் புதியதை வாங்க இயலாதவர் இவற்றை நாடுவதைக் குறைகூற முடியாது. ஆயினும் ஒவ்வொரு கலத்தொகுதியின் வோல்ட் அளவையும் சுமையேற்றிய நிலையில் காட்டுமாறு கோர வேண்டும். உத்தரவாதக் காலம் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமையாகும்.

இத்தனைக்கும் இப்பற்றரிகளின் முதல் எதிரி வெப்பம். எமது வரண்ட பிரதேச வெயில் ஒருபுறமிருக்க, பின் ஆசனத்தின் அருகிலுள்ள சிறு காற்றுத் துவாரத்தினூடாகவே பெரிய பற்றரி குளிரூட்டப்படுகின்றது. அத்துவாரத்தின் மீது பையையோ துணியையோ போட்டு மூடிவிடுவதும், உள்ளே விசிறியில் தூசி படிய விடுவதும் சாதாரணமாக நடப்பவை. விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குவதற்கு ஆகும் கூலி, பற்றரியின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். ஆனால் அதிவலு மின்சாரம் செல்லும் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் அருகிலேயே உள்ளமையால், அவ்வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.