நூற்றெட்டில் அமைந்த திருமேனி

ஜபமாலையில் மணிகள் 108; அர்ச்சனையில் திருநாமங்கள் 108. இறைவனின் திருவுருவை வரையும் ஓவியனுக்கும் அந்த எண்ணே அளவாக அமைந்திருக்கிறது.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் சித்ரசூத்திரம் என்னும் பகுதி உள்ளது. வஜ்ரன் என்னும் அரசனுக்கு மார்க்கண்டேய மகரிஷி ஓவியக் கலையை உபதேசிப்பதாக அது அமைந்துள்ளது. உத்தமமான உருவத்தின் உயரம் 108 அங்குலம் என்பது அதன் விதி. இங்கு அங்குலம் என்பது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. திருமுகத்தின் நீளத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே ஓர் அங்குலம். முகத்தின் நீளம் ஒரு தாளம்; ஒன்பது தாளம் கொண்டது நவதாளத் திருமேனி.

முகம் 12; கழுத்து, முழங்கால், பாதம் ஆகியவை தலா 4; மார்பு முதல் அடிவயிற்றின் முடிவு வரை 36; தொடை 24; கணைக்கால் 24. கூட்டிப் பார்த்தால் 108. முகத்திற்குள்ளும் நெற்றி, நாசி, மோவாய் என மூன்று சம பாகங்கள். ஏட்டில் சிறிதாக வரைந்தாலும் சுவரில் பெரிதாக வரைந்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை.

வண்ணத்திலும் கணக்கு உண்டு. மூல வண்ணங்கள் ஐந்து என்றும், அவற்றின் கலவைகளோ எண்ணில் அடங்கா என்றும் அந்நூல் கூறுகிறது. ஐந்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 கலவைகள், மும்மூன்றாக 10, நான்கு நான்காக 5, ஐந்தும் சேர்ந்தது 1. ஆக 26 தானே என்று தோன்றும். ஆனால் மஞ்சளும் நீலமும் சம பங்காகச் சேர்ந்தால் ஒரு பச்சை. மஞ்சள் இரு பங்கானால் வேறொரு பச்சை. பங்கு மாற மாற நிறமும் மாறும். அதற்கு முடிவே இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு, நீலக்கல் ஆகியவற்றைக் கொண்டே சோழர் கால ஓவியர்கள் தெய்வ உருவங்களைத் தீட்டினர். சுண்ணச் சாந்து ஈரம் உலருமுன் வரைந்து முடிக்க வேண்டியிருந்ததால், அளவும் கலவையும் கைக்குப் பழகியிருத்தல் அவசியமாயிற்று. பிற்காலத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் அவற்றை மூடின. அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்.

எல்லா ஆலயங்களுக்கும் அத்தகைய பேறு வாய்ப்பதில்லை. திருப்பணியின்போது பழைய ஓவியங்களின் மீது வெள்ளையடிக்கப்படுவதும் உண்டு. சிதைந்த ஓவியத்தில் திருமுகம் மட்டும் எஞ்சியிருந்தாலும், அதைக் கொண்டு முழுத் திருமேனியின் அளவை அறியலாம். அந்த முகமும் மறைந்துவிட்டால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

திருப்பணிக்குக் காணிக்கை அளிக்கும் பெரியோர்கள், சுவரில் பழைய ஓவியம் உள்ளதா என்று முதலில் கேட்டறிதல் நலம். அந்த ஒரு கேள்வியும் இறைவனுக்குச் செய்யும் கைங்கரியமே ஆகும்.