கக்குவான் இருமல்: ஆய்வுக்கூடச் சோதனைகளும் கலைச்சொற்களின் பொருள்தெளிவும்

மருத்துவக் கலைச்சொல்லாக்கம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. சொல்லைப் படிப்பவர் அதனைக் கொண்டு எச்செயலைச் செய்வார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆய்வுக்கூட நடைமுறைகளைத் தமிழாக்கும்போது இவ்வினாவே முதன்மை பெறுகிறது. கக்குவான் இருமலைக் கண்டறியும் சோதனைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் பெயரும் நாட்கணக்கும்

இந்நோய்க்கு மொழிதோறும் வெவ்வேறு பண்பின் அடிப்படையில் பெயர் அமைந்துள்ளது. ஆங்கிலப் பெயர் இருமலின் இறுதியில் மூச்சை உள்ளிழுக்கும்போது எழும் ஒலியைச் சுட்டுகிறது. தமிழ்ப் பெயர் 'கக்கு' என்னும் வினையடியிலிருந்து பிறந்து, இருமலைத் தொடரும் வாந்தியைச் சுட்டுகிறது. இந்தியில் இது 'கரிய இருமல்', கன்னடத்தில் 'நாய் இருமல்', சீனத்தில் 'நூறுநாள் இருமல்' எனப் பொருள்படும் பெயர்களைப் பெறுகிறது.

இப்பெயரீட்டால் விளையும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. நோயின் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் மூக்கொழுக்கும் எளிய இருமலுமே காணப்படும். கக்கலும் ஒலியும் பின்னரே தோன்றும். சோதனைக்குரிய நாட்களோ முதல் இருமல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுபவை. 'இருமல் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள்' என்று இருக்கவேண்டிய தொடரைக் 'கக்குவான் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள்' என்று பெயர்த்தால், மாதிரி எடுக்கும் காலம் கடந்துவிடக்கூடும். இங்குப் பிழை அகராதியில் இல்லை. சொல் சுட்டும் காலப்புள்ளியில் உள்ளது.

2. மாதிரி எடுத்தல்

இந்நோய்க்குரிய பாக்டீரியம் மூச்சுப்பாதையின் குறுமயிர் கொண்ட செல்களைப் பற்றி வாழ்வது. எனவே மாதிரி, மூக்கின் பின்புறத்தே தொண்டையோடு கூடும் பகுதியிலிருந்து எடுக்கப்படவேண்டும். இப்பகுதியை 'மூக்குத்தொண்டை' என்கிறோம். இச்சொல்லை உம்மைத்தொகையாகக் கொண்டு 'மூக்கும் தொண்டையும்' எனப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறு கொள்பவர் நாசித்துளையின் முன்பகுதியிலும் வாய்வழித் தொண்டையிலும் மாதிரி எடுப்பர். அவ்விடங்களிலிருந்து பாக்டீரியம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே முதன்முறை வரும் இடத்தில் 'மூக்கின் பின்புறத் தொண்டைப்பகுதி' என விரித்தெழுதுதல் நன்று.

மாதிரி எடுக்கும் கருவிக்கு வழங்கும் சொல் இதனினும் கவனத்திற்குரியது. 'பஞ்சுக்குச்சி' என்பது எல்லார்க்கும் விளங்கும் நல்ல சொல்லே. ஆயினும் பருத்திப் பஞ்சிலுள்ள சில பொருள்கள் இப்பாக்டீரியத்திற்கு நஞ்சாகும். பாலியெஸ்டர், ரேயான், நைலான் போன்ற இழைகளால் ஆன முனையே வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் முனை வளர்ப்புச் சோதனைக்குப் பொருந்தினும், மரபுப்பொருட் சோதனையின் வினையைத் தடுக்கும். மூலத்திலுள்ள சொல் பொருளின் பெயரன்று, பயனின் பெயர். தமிழ்ச் சொல்லோ பொருளையே பெயராக்கிவிட்டது. 'மாதிரிக்குச்சி' என்று பயன்பாட்டால் பெயரிட்டு, முனையின் இழையைத் தனியே குறித்தால் இவ்விடர் நீங்கும்.

3. வளர்ப்புச் சோதனை

பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்தே, ஆக்டேவ் ழாங்கு ஆகிய இருவரும் 1906-இல் இப்பாக்டீரியத்தைத் தனித்துப் பிரித்தனர். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரால், குருதி ஆகியன சேர்ந்த அவர்தம் ஊடகம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பின்னர்க் கரித்தூள் சேர்ந்த ரீகன்-லோ ஊடகம் 1977-இல் வந்தது. பாதரசத் துளிகளைப் போன்று பளபளக்கும் சிறு கூட்டங்கள் தோன்றச் சில நாட்களாகும்; முடிவு கூற ஒரு வாரத்திற்கு மேலும் காத்திருக்க நேரும்.

ஏனைய சோதனைகளை ஒப்பிட்டு மதிப்பிட இச்சோதனையே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இதனைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைப் 'பொன்தரம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கம் உண்டு. 'உரைகல் சோதனை' என்பது தமிழ் மரபுக்கு இயைவதோடு, ஒப்பிட்டு அறிதல் என்னும் கருத்தையும் நேரே தருகிறது. ஆனால் உரைகல் ஒருபோதும் தவறாது என்னும் எண்ணத்தை இச்சொல் ஊட்டிவிடலாகாது. பாக்டீரியம் வளர்ந்தால் நோய் உறுதி. வளராவிடின் நோயில்லை என்பதற்கில்லை. இரண்டு வாரம் கடந்தாலோ, நோயாளி முன்பே நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டிருந்தாலோ வளர்ச்சி பெரிதும் குன்றும்.

4. மரபுப்பொருட் சோதனை

பாலிமரேஸ் தொடர்வினை, பாக்டீரியத்தின் மரபுப்பொருளில் ஒரு குறித்த பகுதியைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. முதல் மூன்று நான்கு வாரங்கள் வரை இது பயன்படும். முடிவும் விரைவில் கிடைக்கும். பெரும்பாலும் இலக்காகக் கொள்ளப்படும் ஐ.எஸ்.481 என்னும் பகுதி, ஒவ்வொரு பாக்டீரியத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளாக உள்ளது. ஆதலின் மிகச் சிறிதளவும் புலப்படும். அப்பகுதி போர்டெடெல்லா ஹோம்சியை என்னும் இனத்திலும் இருப்பதால், தவறான முடிவுக்கும் இடமுண்டு. உயிரற்ற பாக்டீரியத்தின் மரபுப்பொருளும், சூழலிற் சிதறிய தடுப்பூசித் துளியும்கூட இச்சோதனையில் புலப்படக்கூடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2006-இல் ஒரு மருத்துவமனைப் பணியாளர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இச்சோதனையின்படி கக்குவான் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. வளர்ப்புச் சோதனையிலோ ஒருவரிடமும் அப்பாக்டீரியம் வளரவில்லை. எனவே இச்சோதனையின் முடிவைக் 'கிருமி உள்ளது' என்று பெயர்ப்பது மிகைக்கூற்று. 'கிருமியின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது' என்பதே சரியான கூற்று.

5. குருதித் தெளிநீர்ச் சோதனை

கக்குவான் நச்சுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை அளப்பது இச்சோதனை. எதிர்ப்பொருள் உருவாகக் காலம் தேவையாதலின், இருமல் தொடங்கி இரண்டு வாரம் கடந்த பின்னரே இது பயன் தரும். அண்மையில் தடுப்பூசி பெற்றவரிடத்தும், தாயின் எதிர்ப்பொருளைக் கொண்டுள்ள பச்சிளங்குழந்தையிடத்தும் முடிவு தெளிவாக இராது. இங்கு அறியப்படுவது கிருமியன்று, கிருமியை உடல் எதிர்கொண்ட சுவடு. முந்தைய இரு சோதனைகளுக்கும் இதற்கும் உள்ள இவ்வேறுபாடு பெயர்ப்பில் மறைந்துவிடலாகாது.

6. முடிவு கூறும் சொற்கள்

'நேர்மறை', 'எதிர்மறை' என்னும் இணை அறிவியல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. பொதுவழக்கிலோ 'நேர்மறை' நன்மையையும் 'எதிர்மறை' தீமையையும் குறிக்கத் தொடங்கியுள்ளன. 'நேர்மறை முடிவு' எனப் படிக்கும் பெற்றோர் மகிழ்வதற்கு மொழியே இடந்தருகிறது. 'உணர்திறன்' என்னும் சொல்லும் சோதனையின் கண்டறியும் ஆற்றலையும், பாக்டீரியம் மருந்துக்கு வசப்படும் தன்மையையும் ஒருங்கே குறிக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் வரக்கூடியவை. முன்னதற்குக் 'கண்டறிதிறன்', பின்னதற்கு 'மருந்துக்கு வசப்படுதல்' என வேறுபடுத்துவது தகும்.

இறுதியாக, 'இல்லை' என்பதற்கும் 'கண்டறியப்படவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு. முன்னது உலகைப் பற்றிய கூற்று. பின்னது சோதனையைப் பற்றிய கூற்று. இந்நோயால் இறப்போரிற் பெரும்பாலோர் சில மாதங்களே நிரம்பிய குழந்தைகள். ஐயம் வலுவாயிருப்பின், முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதே மருத்துவ நெறி. அத்தகைய குழந்தையின் அறிக்கையில் 'நோய் இல்லை' என்னும் இரு சொற்கள் மருந்தை நிறுத்திவிடவும் கூடும். கலைச்சொல்லைத் தேர்பவர் ஒலியையும் வேரையும் ஆராய்வதோடு, அச்சொல் சென்று சேரும் கையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.