தைராய்டு குறைஞ்சா மூச்சு ஏன் வாங்குது?

நாமக்கல் பக்கம் லாரியைப் பத்தி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால இன்னைக்கு லாரியை வெச்சே தைராய்டைப் புரிஞ்சுக்கலாம்.

வண்டி நிக்கும்போதும் இன்ஜின் ஒரு வேகத்துல ஓடிட்டே இருக்கும் இல்லையா? உடம்பும் அப்படித்தான், தூங்கும்போதும் எரிபொருளை எரிக்கும். அந்த வேகத்தை நிர்ணயிப்பதில் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்குப் பெரிய பங்கு உண்டு. அது பெரும்பாலும் டி4 சுரக்கும். உடம்பு அதை டி3 ஆக மாத்திப் பயன்படுத்தும். அளவு குறைஞ்சா மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச்-ஐ ஏத்தி விரட்டும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் ஃபீட்பேக் லூப். தைராய்டு குறைஞ்சவங்க ரிப்போர்ட்டில் பொதுவா டிஎஸ்ஹெச் அதிகமா இருக்கிறது இதனாலதான்.

டி3 குறைஞ்சா உடம்பில் வெப்பம் உற்பத்தியாவது குறையும். மத்தவங்க சும்மா இருக்கும்போது நமக்குக் குளிரும். கெட்ட கொழுப்பைக் கல்லீரல் வெளியேத்துவது மந்தமாகி கொலஸ்ட்ரால் ஏறும். எடையும் கொஞ்சம் கூடும், அதில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான்.

சரி, மூச்சுக்கு என்ன சம்பந்தம்? மூச்சை இழுக்கிற உதரவிதானம் ஒரு தசை, அது பலவீனமாகும். ஆக்ஸிஜன் குறைஞ்சாலும் "வேகமா மூச்சு விடு"ன்னு மூளை சொல்றது மந்தமாகும். நாக்கும் தொண்டையும் தடிச்சு, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடலாம். குறட்டை, நடுவுல மூச்சு நிக்கிறது, பகல்ல தூக்கம்: இதுதான் ஸ்லீப் அப்னியா. சிலருக்கு நுரையீரலைச் சுத்தி நீரும் சேரும்.

ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு இது உயிர் விஷயம். தைராய்டு பெண்களுக்குத்தான் அதிகம், உண்மை. ஆனா அதையே காரணமா வெச்சு ஆண்கள் டெஸ்ட்டே எடுக்கறதில்ல. சென்னை உட்பட 8 நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணியோட போடணும், காபி அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. டி4 உடம்பில் பாதியாகவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால 6 முதல் 8 வாரம் கழிச்சுத்தான் மறுபடி டெஸ்ட். அளவு சரியான பிறகும் குறட்டையும் பகல் தூக்கமும் விடலைன்னா, அதைத் தனியா டாக்டர்கிட்ட காட்டுங்க. எடை மாதிரி வேற காரணமும் இருக்கலாம்.

வீட்டில் யாராவது "வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது"ன்னு சொன்னா, டிஎஸ்ஹெச் பார்த்தாச்சான்னு ஒரு தடவை கேளுங்க.