அரை மணி நேரம் எங்கே போகிறது?

சென்னை மீனம்பாக்கத்துக்கும் தூத்துக்குடி வாகைக்குளத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 530 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகப் பறந்துவரும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு ஏறக்குறைய 510 கி.மீ. வேகத்தில் போகக்கூடியது. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி இரண்டு நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ ஒன்றரை மணியை ஒட்டிய நேரம். மிச்ச அரை மணி எங்கே போகிறது?

முதலில், கணக்கு தொடங்குவது விமானம் தரையை விட்டு எழும்பும்போது அல்ல. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை ஊழியர் உருவி எடுத்து, விமானம் நகரத் தொடங்கும்போதே தொடங்கிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. சென்னை மாதிரி நெரிசலான நிலையத்தில், முன்னால் நிற்கும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்வரை நம் விமானம் உறுமிக்கொண்டே காத்திருக்கும். அதுவும் பயண நேரம்தான்.

அடுத்தது காற்று. விமானம் பொதுவாக எதிர்க்காற்றை நோக்கியே ஏறும், இறங்கும். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே போகவேண்டிய விமானமும் பெரும்பாலும் கடலைப் பார்த்து எழும்பி, பிறகுதான் வளைகிறது. வரைபடத்தில் அளந்த 530 கி.மீ. அங்கேயே கொஞ்சம் நீண்டுவிடுகிறது.

மேலே போன பிறகும் காற்று விடுவதில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், ஏடிஆருக்கு 62 நிமிடம் 69 ஆகும். 830 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட்டுக்கு இதே காற்றால் கூடுவது மூன்று நிமிடம்கூட இல்லை. திரும்பி வரும்போது பின்காற்று ஈடுகட்டிவிடுமே என்றால், முழுதாகக் கட்டாது. ஏடிஆருக்குப் போகையில் ஏழு நிமிடம் நஷ்டம், வருகையில் ஐந்தரை நிமிடம்தான் லாபம். வேகம் குறைந்த பக்கத்தில் கூடுதல் நேரம் பறப்பதால் வரும் வித்தியாசம் இது.

அப்படியானால் ஜெட்டையே விடலாமே? நீண்ட காலம் அதற்கு வழியில்லாமல் இருந்தது. தூத்துக்குடி ஓடுதளத்தின் நீளம் 1,350 மீட்டராகத்தான் இருந்தது. ஏடிஆர் போன்ற விசிறி விமானங்களுக்கே அது தோதாக இருந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஏ321 அளவு ஜெட்கள் இறங்கலாம்.

வேகத்தை மட்டும் பார்த்தால் பயணம் 38 நிமிடமாகச் சுருங்கவேண்டும். சுருங்காது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ., என்ற வேக வரம்பு பொதுவாக உண்டு. ஜெட்டின் முழு வேகம் வெளிப்படுவது உச்சி உயரத்தில் மட்டுமே. இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பாதித் தூரத்துக்கு மேல் தீர்ந்துவிடும். சென்னையில் வரிசையில் நிற்கும் நேரமோ ஜெட்டுக்கும் அதேதான். கால் மணி மிச்சமானாலே பெரிது.

அதற்கா இத்தனை நீள ஓடுதளம்? இருக்கைகளை எண்ணினால் விஷயம் புரியும்: ஏடிஆரில் 78, ஏ320இல் சுமார் 180. தென்மாவட்டப் பயணிக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைப்பதும், அதன் விலையும் இந்த எண்ணைப் பொறுத்தவை.