நுவரெலியாவின் மண் சொல்லும் பாடம்

மாரி மழை ஓயும் வேளையில் செம்மண் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்ட எமது கமக்காரருக்கு நுவரெலியா என்றதும் விதைக்கிழங்குதான் நினைவுக்கு வரும். தென்பகுதி மக்களுக்கோ அது ஏப்பிரல் மாத விடுமுறை ஊர்: ஏரி, குதிரைப் பந்தயம், பூந்தோட்டங்கள். இடம்பெயர்ந்து வாழ்வோரும், பல்லாண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்புவோரும் அந்த ஊரை வேறொரு கண்ணோடு பார்ப்பது பயன் தரும். ஏனெனில் அதுவும் புதிதாகக் குடியேறியவர்கள் மண்ணோடு போராடிய ஊர்தான்.

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், பீதுருதாலகாலை மலையின் அடிவாரத்தில் நுவரெலியா அமைந்துள்ளது. இரவுக் குளிர் இல்லாவிட்டால் உருளைக்கிழங்குச் செடி தழைக்குமேயன்றிக் கிழங்கு வைக்காது. அங்கே அந்தக் குளிர் ஆண்டு முழுவதும் உண்டு. எமக்கு மார்கழி, தை இரவுகளில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவேதான் அவர்கள் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் நடுகிறார்கள். நாம் ஒரு போகத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

ஆங்கிலேயர் அந்த இடத்தை ஓய்வுக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1820களில் அங்கு தமக்கு ஒரு மாளிகை கட்டினார். காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக அங்கு வந்த சாமுவேல் பேக்கர் என்பவர், அங்கேயே ஒரு விவசாயக் குடியேற்றத்தை அமைக்க முடிவு செய்தார். 1848இல் இங்கிலாந்திலிருந்து குடும்பங்கள், கொல்லர், கலப்பைகள், நல்லின மாடுகள், ஆடுகள் யாவற்றையும் கப்பலில் கொண்டு வந்தார். காட்டை வெட்டி, யானையைப் பூட்டி உழுதார்.

நடந்தது என்ன? ஓட்ஸ் பயிரை மரைகள் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. மாடுகள் நோயில் மடிந்தன. பார்வைக்குக் கொழுத்த மண்ணாகத் தெரிந்தது உண்மையில் வளம் குறைந்த மண். காட்டின் செழிப்பு மண்ணில் அல்ல, ஆண்டாண்டாக உதிர்ந்து மக்கிய இலைகளில் இருந்தது. எரு இட்டு, மீண்டும் மீண்டும் பண்படுத்திய பின்னரே விளைச்சல் வந்தது. பணமும் கருவிகளும் படைத்தவருக்கே முதல் போகம் பொய்த்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்று அச்சரிவுகளில் லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட் விளைகின்றன. ஆனால் ஓய்வில்லாத பயிர்ச்செய்கையும் அளவுக்கு மிஞ்சிய பசளையும் கிருமிநாசினியும் அங்கு புதிய சிக்கல்களை உண்டாக்கிவிட்டன. மழையோடு மேல்மண் கரைந்தோடி, 1870களில் தேசாதிபதி கிரகரி காலத்தில் அமைந்த ஏரியிலும் படிகிறது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது, அதையே நம்பியிருந்த மலையகத் தோட்டங்கள் பெரும் நட்டமடைந்தன. அதே ஆண்டு இறுதியில் அத்தடை நீக்கப்பட்டது. மண்ணைக் கெடுப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. திருத்துவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

எமக்கு இது புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியா வராதபோது, எருவையும் குழையையும் கொண்டு தோட்டம் செய்தோம். பின்னர் யூரியா தாராளமாகக் கிடைத்தபோது அந்தப் பழக்கம் தளர்ந்தது. எமது நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மிஞ்சிய பசளை நைத்திரேற்றாக மாறி, நீரோடு கிணற்றுக்கே போய்ச் சேர்கிறது. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. அந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

ஆகவே, விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்புவோர் செய்யக்கூடியவை சில. கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியான பின்னரே காணிக்குள் இறங்குங்கள். நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குங்கள். முதல் போகத்தில் கடன் வாங்கி முழுக் காணியிலும் நடாமல், இரண்டு பரப்பில் தொடங்குங்கள். மிகுதியில் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதையுங்கள். பனையோலை, பூவரசம் குழை, கிளிசரியா, மாட்டெரு யாவும் மண்ணுக்கு உணவு. உருளைக்கிழங்கு கிண்டிய நிலத்தில் அடுத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். அவை ஒரே குடும்பம், நோய்களும் பொதுவானவை. வெங்காயம், குரக்கன், பயறு என மாற்றுங்கள். மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளையின் அளவைத் தீர்மானியுங்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளைப் பண்படுத்தியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். தலைமுறை தலைமுறையாக உழைத்தும், அவர்களுள் மிகப் பலருக்கு இன்றுவரை சொந்தக் காணி இல்லை. வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, அங்கிருந்தும் மீண்டும் பெயர்ந்த மலையகக் குடும்பங்களை நாம் அறிவோம். மண்ணை ஆக்கியவர் ஒருவர், உரியவர் இன்னொருவர் என்ற நிலையே அவர்களது துயரம்.

அந்த நிலை எம்மிடையே வரக் கூடாது. சொந்தக் காணி கிடைக்காமல் குத்தகைக்குத் தோட்டம் செய்வோர், ஒரு போகத்துக்கென வாய்ப்பேச்சில் முடிக்காமல், சில ஆண்டுகளுக்கு எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வது நல்லது. அடுத்த ஆண்டு தனக்கில்லாத நிலத்துக்கு எவரும் எரு இடமாட்டார். காணி கொடுப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: குத்தகைக்காரர் இடும் ஒவ்வொரு கடகம் எருவும் உங்கள் காணியின் பெறுமதியையும் கூட்டுகிறது.

வளமான மண் எவருக்கும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. எமது முன்னோர் கல்லைக் கிண்டி, குழை தாழ்த்து ஆக்கித் தந்ததே எமது செம்மண். அதை மீண்டும் ஆக்க எம்மாலும் முடியும்.