போகிமான் கார்டு வாங்கும் முன்: பேஸ்புக்கில் கவனிக்க வேண்டியவை

வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்த கொஞ்ச நாளில் பிள்ளைகள் இப்படி ஒரு கோரிக்கையுடன் வரலாம்: "அப்பா, பேஸ்புக் குரூப்பில் ஒருத்தர் சாரிசார்ட் கார்டு விற்கிறார், வாங்கிக் கொடுங்கள்." ஒரு அட்டைக்கா இத்தனை ஆயிரம் என்று திகைப்பீர்கள். விலை உண்மைதான். விற்பவர் உண்மையானவரா என்பதுதான் கேள்வி.

போகிமான் கார்டு விளையாட்டு 1996-ல் ஜப்பானில் தொடங்கியது. 1999-ல் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் வெளியானது. 102 கார்டுகள் கொண்ட அந்த முதல் செட்டில் 4-ஆவது கார்டு சாரிசார்ட். முதல் பதிப்பு முத்திரையும் இருந்து, கீறல் இல்லாமலும் இருந்தால் பல லட்சம் ரூபாய் பெறும். ஆனால் 2021-ல் வெள்ளிவிழாவுக்காக இதே கார்டை மறுபடியும் அச்சிட்டார்கள். அதிலும் 4/102 என்றே இருக்கும், கூடவே 25-ஆம் ஆண்டு முத்திரையும் இருக்கும். எனவே எண்ணை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

குரூப்பில் போடப்படும் படம் விற்பவருடையதுதானா? அந்தப் படத்தை சேவ் செய்து கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுங்கள். வேறு ஏதாவது விற்பனைத் தளத்தில் அதே படம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளலாம். இல்லையென்றால், ஒரு துண்டுச் சீட்டில் அவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, கார்டின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேகரிப்பவர்களிடையே இது வழக்கம்தான், யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். ஆனால் இன்று ஏ.ஐ. மென்பொருளால் சீட்டுடன் சேர்ந்த படத்தையே உருவாக்கி விடலாம். அதனால் வீடியோ கேட்பது மேல். வெளிச்சத்தில் கார்டை மெல்லச் சாய்த்துக் காட்டினால் மினுமினுப்பும் தெரியும், கீறலும் தெரியும்.

விலை உயர்ந்த கார்டுகளை பி.எஸ்.ஏ. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பரிசோதித்து, 1 முதல் 10 வரை தரம் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருகின்றன. உறை மேலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் வெப்சைட்டில் டைப் செய்து பார்க்கலாம். எண் சரியாக இருந்தாலே கார்டு அசல் என்று முடிவு கட்டி விடாதீர்கள். உண்மையான எண்ணைக் காப்பியடித்துப் போலி உறை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தளத்தில் அந்த எண்ணுக்குரிய கார்டின் படம் இருந்தால், ஓரங்களையும் அச்சு நடுவில் விழுந்திருக்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிபுணர்கள் பார்த்ததும்கூடத் தவறலாம். யூடியூப் பிரபலம் லோகன் பால் 2021 இறுதியில் முதல் பதிப்புப் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அசல் என்று சான்று பெற்றவை அவை. 2022 ஜனவரியில் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள்!

அடுத்தது ஆள். குரூப்பில் நல்ல பெயர் எடுத்தவரின் பெயரையும் போட்டோவையும் அப்படியே எடுத்து இன்னொரு கணக்கு தொடங்குவது பழைய தந்திரம். பெயர் ஒன்றாக இருக்கலாம், புரொபைலின் முகவரி ஒன்றாக இருக்காது. குரூப்பில் உள்ள பெயரை நீங்களே க்ளிக் செய்து, அங்கிருந்து மெசேஜ் அனுப்புங்கள். தானாக வந்து "என்னிடம் இருக்கிறது" என்று இன்பாக்ஸில் பேசுபவரிடம் அவசரப்பட வேண்டாம்.

பணம் அனுப்பும் இடத்தில்தான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் பேபாலில் இரண்டு வழி உண்டு: நண்பர்களுக்கு அனுப்புவது, பொருளுக்காக அனுப்புவது. இரண்டாவதற்குக் கட்டணம் உண்டு, பொருள் வராவிட்டால் 180 நாட்களுக்குள் புகார் செய்து பணத்தைக் கேட்கலாம். முதலாவதில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஏமாற்றுபவர் முதலாவதைத்தான் கேட்பார், கட்டணம் மிச்சம் என்பார். நம் ஊர் யு.பி.ஐ.யும் கையில் ரொக்கம் கொடுப்பது போலத்தான், போனால் போனதுதான். தெரியாதவரிடம் பெரிய தொகைக்கு வாங்குவதானால் நேரில் சந்தித்துக் கார்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சந்திக்கும்போது நிச்சயமாக அசல் என்று தெரிந்த ஒரு சாதாரண கார்டும், சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள். அசல் கார்டின் நடுவே ஒரு கறுப்பு அடுக்கு உண்டு. இரண்டின் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். போலிகள் பலவற்றில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவும்.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. "பணம் அனுப்பிவிட்டேன்" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டையோ ஈமெயிலையோ நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைத் தர வேண்டியதே இல்லை, கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான். பார்சல் கட்டுவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். வாங்குபவரும் பிரிக்கும்போது அப்படியே செய்வது நல்லது.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், சண்டை போடுவதற்கு முன் எதிராளியின் புரொபைல் முகவரியையும் முழு உரையாடலையும் சேமித்து விடுங்கள். அவர் உங்களை பிளாக் செய்துவிட்டால் புரொபைலைப் பார்க்க முடியாது. பிறகு உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் காலை பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தால் அது குறைந்துவிடும்.